கடல்நீர்த் தொட்டி: மீன் விடுவதற்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

பெரம்பூர் அப்பா | ஏப்ரல் 11, இரவு 10:20

எல்லாருக்கும் வணக்கம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். மணலும் கல்லும் போக 160 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. செயற்கைக் கடல் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து நேற்றுதான் நிரப்பினேன். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 காட்டுகிறது. காய்ந்த கல், ஒரு ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி), இரண்டு வேவ்மேக்கர் (தண்ணீரை ஓடவைக்கும் மோட்டார்) இருக்கின்றன.

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்குச் சித்திரை முதல் நாள் கோமாளி மீன் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். அதற்கு இன்னும் மூன்று நாள்தான். கடையில் கேட்டால், "மூணு நாள் மோட்டார் ஓடட்டும், அப்புறம் ரெண்டு டாம்செல் மீன் விடுங்க, அது தாங்கும். ரெண்டு வாரத்துல தொட்டி ரெடி" என்கிறார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே யோசனையைக் கேட்டு நான்கு டாம்செல்லும் ஒரு கோமாளியும் விட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நாலாம் நாள் காலையில் கோமாளி மேல்மட்டத்தில் வந்து நின்று வேகவேகமாகச் செவுளை அடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளை அதைப் பார்த்து, "அப்பா, இதுக்கு மூச்சு வாங்குது" என்றாள். சாயங்காலம் அவள் வருவதற்குள் போய்விட்டது. மற்ற நான்கும் அடுத்த ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகப் போயின. இந்தத் தடவை அப்படி நடக்கக் கூடாது. சைக்கிள் என்பதை முறையாக எப்படிச் செய்வது?

கொளத்தூர் பழசு | ஏப்ரல் 11, இரவு 11:05

தம்பி, நல்ல வேளை கேட்டீங்க. முதலில் மகளிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். சித்திரை ஒன்றாம் தேதி மீன் கிடையாது, வைகாசியில் பார்க்கலாம் என்று.

உங்கள் மீன்களைக் கொன்றது அமோனியா. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், மிஞ்சிப்போன தீனியிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். பழைய தொட்டியில் அதைத் தின்ன ஒரு வகை பாக்டீரியா இருக்கிறது. அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக மாற்றுவது இன்னொரு வகை. நைட்ரேட்டை வாராவாரம் தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். புதுத் தொட்டியில் இந்த இரண்டு வகையும் கிடையாது. கல்லிலும் மணலிலும் அவை குடியேற வேண்டும். அதற்கு ஆகும் காலத்தைத்தான் சைக்கிள் என்கிறோம்.

வெறுமனே மோட்டாரை ஓடவிட்டால் மூன்று நாள் ஆனாலும் மூன்று மாதம் ஆனாலும் ஒன்றுதான். சாப்பாடு போடாத வீட்டில் யார் குடியிருப்பார்கள்? அமோனியா போட்டால்தான் பாக்டீரியா வளரும். இருபது வருடமாக நான் செய்வது இதுதான்: ஒரு இறாலைத் தோலோடு ஒரு பழைய நைலான் சாக்ஸில் கட்டி உள்ளே தொங்கவிடுவேன். அது அழுகும், அமோனியா வரும். நாலிலிருந்து ஆறு வாரம். டாம்செல் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதுவும் உயிர். செவுள் வெந்துபோய்த்தான் தாங்குகிறது. அதோடு பிறகு அதே டாம்செல் தொட்டியை ஆள ஆரம்பித்து, பின்னால் வருகிற மீனையெல்லாம் கடித்து விரட்டும்.

வேதியியல் டீச்சர் | ஏப்ரல் 12, காலை 6:15

பழசு அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நன்னீர்த் தொட்டியில் ஓரளவு தப்பிக்கிற தவறு கடல்நீரில் ஏன் கொல்கிறது என்பது முக்கியம்.

தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கும். அமோனியம் அயனி பெரிய தீங்கு செய்யாது. அயனியாகாத அமோனியா செவுள் வழியே நேரே ரத்தத்தில் இறங்கும். எது எவ்வளவு என்பதை பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, கார அளவு, தீர்மானிக்கிறது. பி.எச். ஒன்று ஏறினால் விஷ வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். சாதாரணக் குளத்து மீன் தொட்டி 7.2ல் இருக்கும், நம் கடல்நீர் 8.2. டெஸ்ட் கிட்டில் ஒரே எண் வந்தாலும் ஆபத்து ஒன்றல்ல. வெப்பம் ஏறினாலும் அந்தப் பங்கு கூடும், அதனால் சென்னையின் ஏப்ரல், மே மாதங்கள் இன்னும் மோசம்.

ஆனால் நைட்ரைட் விஷயத்தில் கடல்நீர் நமக்குச் சாதகம். செவுளில் நைட்ரைட் நுழையும் அதே வாசலில் குளோரைடும் போட்டி போடுகிறது. கடல்நீரில் குளோரைடு ஏராளம், அதனால் நைட்ரைட் அதிகம் உள்ளே போக முடிவதில்லை.

இறால் முறையில் என் ஒரே குறை, எவ்வளவு அமோனியா போட்டோம் என்று தெரியாது என்பதுதான். என் தொட்டியில் நான் பயன்படுத்தியது அமோனியம் குளோரைடு. நம் ஊர்ப் பெயர் நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூடான பாத்திரத்தில் தூவித் தேய்த்ததும் வெள்ளைப் புகை வருமே, அதே பொருள். ராசப்ப செட்டி தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும். ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. தொட்டிக்கு அது வேண்டாம். கோவிந்தப்ப நாயக்கன் தெருவின் ரசாயனக் கடைகளில் ஆய்வகத் தரத்தில் கேட்டு வாங்குங்கள். சிறிய புட்டியே வருடக்கணக்கில் வரும்.

கணக்கு இதுதான். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா வேண்டும். 160 லிட்டருக்கு 320 மில்லிகிராம். நவச்சாரத்தின் மூலக்கூறு எடை 53.5, அமோனியா 17. 320ஐ 53.5ஆல் பெருக்கி 17ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,007 மில்லிகிராம். உங்கள் தொட்டிக்குச் சரியாக ஒரு கிராம்.

வீட்டுத் தராசில் ஒரு கிராமை நம்பி நிறுக்க முடியாது. பத்து கிராமை நிறுத்து ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, பாட்டிலில் பெயர் எழுதி, பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதில் 100 மில்லி என்றால் ஒரு கிராம். இருமல் மருந்து மூடியால்கூட அளந்துவிடலாம்.

மொட்டைமாடி | ஏப்ரல் 12, காலை 9:40

நானும் தொட்டி வைக்கத் தயாராகிக்கொண்டிருக்கிறேன், அதனால் கேட்கிறேன். பாட்டிலில் பாக்டீரியா விற்கிறார்களே, அதை ஊற்றினால் காத்திருக்கவே வேண்டாமா? அப்புறம், கடல் உப்பு விலை அதிகமாக இருக்கிறது. கல்லுப்பும் கடலிலிருந்துதானே வருகிறது, அதைக் கரைத்தால் என்ன?

வேதியியல் டீச்சர் | ஏப்ரல் 12, மதியம் 1:10

கல்லுப்பு வேண்டாம். கேளம்பாக்கம் பக்கம் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். பாத்தி பாத்தியாகக் கடல்நீரைக் காயவைக்கும்போது கால்சியம் கலந்தவை முந்தைய பாத்திகளிலேயே படிந்துவிடும். கடைசிப் பாத்தியில் சோடியம் குளோரைடு படிகமானதும், மக்னீசியம் நிறைந்த கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். சாப்பாட்டுக்கு அதுதான் நல்லது. ஆனால் மீனுக்கும் மற்ற உயிர்களுக்கும் தேவையான கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை எல்லாம் அந்த வழியிலேயே பிரிந்துபோயின. திரும்பக் கரைத்தால் கிடைப்பது கடல் அல்ல, உப்புத் தண்ணீர்.

பாட்டில் பாக்டீரியா பொய்யில்லை. நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபேக்டர் என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தார்கள். 1998ல் வந்த ஆய்வில் நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று தெரிந்தது. பழைய பாட்டில்கள் பலருக்குப் பலன் தராததற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது சரியான வகை வருகிறது. கடல்நீருக்கானதா, காலாவதி எப்போது என்று பாருங்கள். இவை உறக்க நிலைக்குப் போகும் வித்து கிடையாது, உயிரோடு அடைத்த செல்கள். வெயில் படுகிற கண்ணாடி அலமாரியில் இரண்டு மாதம் நின்ற பாட்டிலில் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்? நல்ல பாட்டில் நாட்களைக் குறைக்கும். தொட்டி தயாரா என்ற சோதனையை அது நமக்காகச் செய்துவிடாது.

நீலாங்கரை | ஏப்ரல் 12, மாலை 6:30

நான் உப்பே வாங்குவதில்லை, கடல் தண்ணீர்தான். விடிகாலையில் தெரிந்த மீனவர் படகில் கேன் கொடுத்துவிடுவேன். கரையிலிருந்து தள்ளி, தெளிந்த இடத்தில் பிடித்து வருவார். பஞ்சு வடிகட்டியில் வடித்து, மூடிய டிரம்மில் இரண்டு வாரம் இருட்டில் வைத்திருந்து பயன்படுத்துவேன். எட்டு வருடமாகப் பிரச்சினை இல்லை. கூவம், அடையாறு முகத்துவாரங்களுக்குக் கிட்டத்தில் எடுக்கவே கூடாது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் கலந்து உப்பு குறையும், அந்த மாதங்களிலும் எடுப்பதில்லை.

கொளத்தூர் பழசு | ஏப்ரல் 12, இரவு 9:15

தெரிந்த படகும் தெரிந்த இடமும் இருக்கிறவருக்குச் சரி. புதிதாக வருகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து, படகெல்லாம் கறுத்துக் கிடந்ததை நேரில் பார்த்தேன். கடல் ஒரே மாதிரி இருக்காது. மெரினாவில் 1909ல் மீன் காட்சியகம் திறந்தபோது எதிரே இருந்த கடல் வேறு, இன்று இருப்பது வேறு.

பாம்பன் பிள்ளை | ஏப்ரல் 13, காலை 7:50

எல்லாம் சரி, ஒன்றைக் கேட்காமல் போகிறீர்களே. பெரம்பூர் அப்பா, அந்தக் 'காய்ந்த கல்' என்பது என்ன? கடையில் லைவ் ராக் (உயிர்கள் ஒட்டிய கல்) என்றும் காய்ந்த கல் என்றும் விற்பதில் நிறைய எங்கள் பக்கத்துப் பவளம். உயிருள்ள பவளமானாலும் செத்த பவளமானாலும் எடுப்பதும் விற்பதும் குற்றம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ல் கல் பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள்.

எங்கள் அப்பா காலத்தில் பவளத்தை வெட்டி வள்ளம் வள்ளமாகச் சுண்ணாம்புக்கு அனுப்பினார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. தீவுக்கு அரணாக இருந்த பவளத்தை எடுத்துவிட்டால் அலையை யார் தாங்குவது? அழகுக்காக ஒரு கல் வாங்குகிறவர் இதை அறிந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெரம்பூர் அப்பா | ஏப்ரல் 13, காலை 10:30

கேட்டதற்கு நன்றி. என்னுடையது சுட்ட செராமிக்கில் செய்த கல். பில்லிலும் அப்படித்தான் இருக்கிறது. தீவுகள் மூழ்கியது எனக்குத் தெரியாது.

மகளிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம், "மீனுக்கு முன்னாடி யாருப்பா வராங்க?" என்று கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி மாதிரி என்றேன். அவற்றுக்குச் சாப்பாடு போடும் வேலை தனக்கு வேண்டும் என்கிறாள். நவச்சாரப் பாட்டிலை அவள் தொட விடமாட்டேன். டெஸ்ட் கிட்டின் நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவள் வேலை என்று ஒப்பந்தம்.

கொளத்தூர் பழசு | ஏப்ரல் 13, காலை 11:00

நிறம் பார்க்கும்போது குழலை வெள்ளைத் தாளில் ஒட்டினாற்போல் பிடிக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழே பார்த்தால் நிறம் மாறித் தெரியும்.

இன்னொன்று. தெரிந்தவர் யாரிடமாவது நோயில்லாத பழைய கடல்நீர்த் தொட்டி இருந்தால், அதன் சம்ப்பிலிருந்து (வடிகட்டும் தொட்டி) ஒரு கைப்பிடி செராமிக் ரிங் வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து போடுங்கள். பழைய தண்ணீரைக் கேன் கேனாகக் கொண்டுவருவார்கள், அதில் பிரயோஜனம் குறைவு. பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதைவிடப் பரப்புகளில் ஒட்டிக்கொண்டுதான் வாழும். நீங்கள் பெரம்பூர்தானே, ஞாயிற்றுக்கிழமை வாங்க, நான் தருகிறேன்.

பெரம்பூர் அப்பா | ஏப்ரல் 17, இரவு 8:45

அண்ணன் வீட்டுக்குப் போய் ரிங் வாங்கிவந்தேன். நேற்று 100 மில்லி கரைசல் ஊற்றினேன். அமோனியா 2, நைட்ரைட் 0. நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியாயிற்று. தொட்டி விளக்கைப் போட வேண்டுமா?

வேதியியல் டீச்சர் | ஏப்ரல் 17, இரவு 9:20

வேண்டாம். இந்த பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை. விளக்கு எரிந்தால் பாசிக்குத்தான் லாபம். அவற்றுக்கு வேண்டியது ஆக்சிஜனும் ஓட்டமும். ஸ்கிம்மர் ஓடட்டும், காற்று கலக்கும்.

தினமும் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண அழுகல் பாக்டீரியா அரை மணியில் இரட்டிக்கும். இவை இரட்டிக்க அரை நாளுக்கு மேலேயே ஆகும். இரண்டு நாளுக்கு ஒரு சோதனை போதும். அமோனியா பூஜ்யத்தை நெருங்கினால் மறுபடி போடுங்கள், 2க்கு மேல் போக வேண்டாம். அளவுக்கு மீறிப் போட்டால் அந்த பாக்டீரியாவே முடங்கிப்போகும்.

பெரம்பூர் அப்பா | ஏப்ரல் 26, மாலை 7:10

ஏப்ரல் 22 வரை அசையவே இல்லை. 24ல் அமோனியா 1, நைட்ரைட்டில் லேசான ஊதா. இன்று அமோனியா 0.25க்கும் கீழே, நைட்ரைட் 2. இரண்டாவது கிராம் போட்டாயிற்று. அந்த ஊதாவைப் பார்த்ததும் பிள்ளை வீடெல்லாம் ஓடினாள். எனக்கும் உள்ளுக்குள் ஓர் ஆனந்தம். கண்ணால் பார்க்க முடியாத ஒன்று உள்ளே பிழைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறம்தானே சாட்சி.

பெரம்பூர் அப்பா | மே 6, காலை 5:50

உதவி வேண்டும். கத்திரி தொடங்கி மூன்றாவது நாள். தொட்டித் தண்ணீர் 32.5 டிகிரி. நேற்று ராத்திரி ஒரு மணிக்குப் போன கரண்ட் ஐந்து மணிக்குத்தான் வந்தது. நாலு மணி நேரமும் எதுவும் ஓடவில்லை. மே 1லும் 4லும் அரை அரை கிராம் போட்டிருந்தேன். அமோனியா 0. ஆனால் நைட்ரைட் ஒரு வாரமாக கிட்டின் நிற அட்டையில் கடைசி நிறத்திலேயே நிற்கிறது, 5. நைட்ரேட் 80க்கு மேல் காட்டுகிறது. எல்லாம் செத்துவிட்டதா? தண்ணீரைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவா?

கொளத்தூர் பழசு | மே 6, காலை 6:20

கொட்டாதீங்க தம்பி. கல்லில் இருக்கிறவை நாலு மணி நேரத்தில் சாகாது. மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் அடைபட்டிருந்தால்தான் ஆக்சிஜன் தீர்ந்து நாறும். உங்களுடையது திறந்த தொட்டி. ஆனால் மீன் வந்த பிறகு இதே நாலு மணி நேரம் வேறு கதை. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இன்றே வாங்கி வையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு வேவ்மேக்கரை அதில் மாட்டிவிடுங்கள், மின்சாரம் மிகக் குறைவாகத்தான் எடுக்கும்.

சூட்டுக்கு, மூடியை எடுத்துவிட்டு தண்ணீர்ப் பரப்பில் படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இறங்காது, அதுவே பெரிய விஷயம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைகிற அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். கண்ணாடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு காலையும் மாலையும் அந்தக் கோட்டுக்கு நிரப்புங்கள்.

வேதியியல் டீச்சர் | மே 6, காலை 6:55

எண்களைப் பார்ப்போம். 2 மில்லிகிராம் அமோனியா முழுதும் மாறினால் 5.4 மில்லிகிராம் நைட்ரைட் வரும். நீங்கள் மொத்தம் மூன்று கிராம் போட்டிருக்கிறீர்கள். அதாவது லிட்டருக்கு 6 மில்லிகிராம் அமோனியா, நைட்ரைட்டாக 16. அட்டை 5லேயே முடிந்துவிடுகிறது. 16ம் 5ம் ஒரே நிறமாகத்தான் தெரியும். உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

ஒரு மில்லி தொட்டித் தண்ணீரை நாலு மில்லி புது உப்புநீரோடு கலந்து சோதித்து, வருகிற எண்ணை ஐந்தால் பெருக்குங்கள்.

நைட்ரேட்டை இப்போது நம்பவே வேண்டாம். அந்தக் கிட் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. ஏற்கெனவே உள்ள நைட்ரைட்டும் அதில் ஏறிக்கொள்ளும். நைட்ரைட் பூஜ்யமானதும் நைட்ரேட்டைப் பாருங்கள். அதுவரை நவச்சாரத்தை நிறுத்துங்கள்.

பெரம்பூர் அப்பா | மே 6, இரவு 9:00

கலந்து பார்த்தேன். 2 வந்தது, அதாவது 10. இறங்கியிருக்கிறது! காலையில் எழுதியதை நினைத்தால், உங்களிடம் கேட்காமல் கொட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பயமாக இருக்கிறது. ஃபேன் வைத்து இப்போது 30. இன்று மட்டும் மூன்று லிட்டருக்கு மேல் ஊற்றியிருக்கிறேன்.

மொட்டைமாடி | மே 7, காலை 8:15

ஆர்.ஓ. பற்றிச் சந்தேகம். எங்கள் வீட்டு ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 90 வருகிறது. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் மாறி மாறி வரும் அடுக்குமாடி.

கொளத்தூர் பழசு | மே 7, காலை 9:00

குடிக்கிற ஆர்.ஓ.வில் ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் ஒரு திருகு இருக்கும். மினரல் கார்ட்ரிட்ஜும் இருக்கும். மெக்கானிக்கிடம் சொல்லி, அவை இரண்டுக்கும் முன்னால் ஒரு குழாய் பிரித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் மிச்ச உப்பைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குழல் ஒன்று மாட்டினால் பூஜ்யத்துக்கு வரும். லாரித் தண்ணீரில் ஒரு நாள் 400, ஒரு நாள் 1,200 என்று மாறும், அதனால் மீட்டர் கையில் இருக்கட்டும்.

பெரம்பூர் அப்பா | மே 14, இரவு 8:30

மே 10ல் நைட்ரைட் 5. இன்று 4. நகர மாட்டேன் என்கிறது. கூடவே மணல் மேல் பழுப்புப் பொடி மாதிரி ஒரு படலம்.

கொளத்தூர் பழசு | மே 14, இரவு 9:10

பழுப்பு வந்தது டயாட்டம் பாசி. புதுத் தொட்டியில் வரும், போகும். துடைக்க வேண்டாம்.

நைட்ரைட் நின்றதற்கு எனக்குத் தோன்றுவது: உங்களிடம் சுத்தமான ஆர்.ஓ., புதுச் செராமிக் கல், வெறும் நவச்சாரம். பாஸ்பரஸ் எங்கேயிருந்து வரும்? பாக்டீரியாவுக்கு அதுவும் கொஞ்சம் வேண்டும். இரண்டு விரலில் அள்ளுகிற அளவு மீன் தீனி போட்டுப் பாருங்கள். டீச்சர் கோபிக்கக் கூடாது, இறாலில் இதெல்லாம் தானாகவே வந்துவிடும்.

வேதியியல் டீச்சர் | மே 14, இரவு 9:40

கோபமே இல்லை அண்ணா, நீங்கள் சொல்வது சரி. என் முறையில் நான் சொல்லாமல் விட்டது இதுதான். தீனி போடுங்கள் சார்.

பெரம்பூர் அப்பா | மே 17, இரவு 9:05

நைட்ரைட் 0.5! பட்டினி போடக்கூடாது என்று அரை கிராம் ஊற்றினேன்.

வேதியியல் டீச்சர் | மே 17, இரவு 9:30

மூன்று நாள் கழித்துக் கடைசிச் சோதனை. ஒரு கிராம் போட்டு 24 மணி நேரம் கழித்து இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யம் என்றால் இன்னும் கொஞ்ச நாள். தேதியைப் பார்க்காதீர்கள், குழலைப் பாருங்கள்.

பெரம்பூர் அப்பா | மே 22, காலை 7:20

நேற்றுக் காலை ஏழு மணிக்கு ஒரு கிராம் போட்டேன். இன்று ஏழு மணிக்கு மகள் எழுப்பினாள். அமோனியாக் குழல் மஞ்சள், எலுமிச்சம்பழ மஞ்சள், பச்சையின் சாயலே இல்லை. நைட்ரைட் வானநீலம். தாளை மாற்றி, ஜன்னலை மாற்றி மூன்று தடவை பார்த்தோம். இரண்டும் 0. நைட்ரேட் 20க்கும் 40க்கும் நடுவில்.

வேதியியல் டீச்சர் | மே 22, காலை 7:45

மொத்தம் 4.5 கிராம் போட்டிருக்கிறீர்கள். லிட்டருக்கு 9 மில்லிகிராம் அமோனியா. முழுதும் நைட்ரேட்டாக மாறினால் 33. உங்கள் குழலும் அதைத்தான் சொல்கிறது. போட்டதெல்லாம் கணக்குக்கு வந்துவிட்டது, சார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

இப்போது பாதித் தண்ணீரை மாற்றுங்கள். 80 லிட்டருக்கு மூன்று கிலோ உப்பு. முந்தின நாளே கரைத்து ஓடவிட்டு, வெப்பமும் உப்பும் சமமான பிறகு மாற்ற வேண்டும்.

பாம்பன் பிள்ளை | மே 22, காலை 8:30

மீன் வாங்கும்போது பண்ணையில் பொரித்த கோமாளியா என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளியைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். பண்ணைக் குஞ்சு தொட்டிக்குப் பழகியது, தீனி தின்னும். கடலில் பிடித்ததை விட்டுவிடுங்கள்.

கொளத்தூர் பழசு | மே 22, காலை 9:15

ஒன்றோ இரண்டோ, சின்னதாக. கடையிலேயே தீனி போடச் சொல்லிப் பாருங்கள், பாய்ந்து தின்கிறதைத்தான் வாங்க வேண்டும். விட்ட முதல் வாரம் தினமும் அமோனியா பாருங்கள். மூன்றாவது மீன் ஒரு மாதம் கழித்து.

பெரம்பூர் அப்பா | மே 25, இரவு 9:50

இன்று மாலை இரண்டு பண்ணைக் கோமாளி. ஒன்று கட்டை விரல் நீளம், இன்னொன்று அதில் பாதி. பையை மிதக்கவிட்டிருந்த நேரம் முழுக்க மகள் நாற்காலியை விட்டு எழவில்லை. விட்டதும் இரண்டும் வேவ்மேக்கருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன. ஒரு மணி நேரம் கழித்துப் பெரியது வெளியே வந்து, கல்லின் ஓரத்தில் உடம்பை ஆட்டி ஆட்டி நின்றது. செவுள் நிதானமாக அசைகிறது. பிள்ளை அதைத்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, இதுக்கு மூச்சு வாங்கல" என்றாள்.

பழசு அண்ணே, டீச்சர், பாம்பன் தம்பி, நீலாங்கரை, உங்கள் எல்லாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

மொட்டைமாடி | மே 25, இரவு 10:15

வாழ்த்துகள் சார். என் தொட்டி இரண்டடிதான், 70 லிட்டர் நிற்கும். டீச்சர் கணக்குப்படி 44 மில்லி கரைசல் வருகிறது. சரிதானே?

வேதியியல் டீச்சர் | மே 25, இரவு 10:40

சரி. மீன் தீனி ஒரு சிட்டிகையும் சேர்த்து.

பெரம்பூர் அப்பா | மே 28, இரவு 8:10

நோட்டிலிருந்து: 26, 27, 28 மூன்று நாளும் அமோனியா 0. வெப்பம் 29. சின்னது இன்று காலை கையருகே வந்து தீனி எடுத்தது.